விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை: பேட் கன்ட்ரோலர் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். அக்கா மகன் போன் செய்தான். காலேஜ் இரண்டாம் வருஷம், சின்ன வயதிலிருந்து மிருதங்கம் வாசிப்பவன்.

"மாமா, பேட் வந்துடுச்சு. பிரிச்சு லேப்டாப்ல சொருகிட்டேன். கலர் கலரா லைட் எரியுது. ஆனா தட்டினா சத்தமே வரல. டிஃபெக்ட் பீஸா இருக்குமோ?"

"சத்தம் எதுலேர்ந்து வரணும்னு நினைக்கிற?"

"பேட்லேர்ந்துதான்."

அவனைக் குறை சொல்ல முடியாது. கட்டம் கட்டமாக விளக்கு எரியும் அந்தப் பெட்டியைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் நினைப்பது அதுதான். வீடியோவில் விரல்கள் தெரிகின்றன, கட்டங்கள் மின்னுகின்றன, பாட்டு கேட்கிறது. பக்கத்தில் இருக்கும் லேப்டாப் ஃபிரேமுக்கு வெளியே. "பேட்ல வாசிக்கிறார்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். கடைக்குப் போய் "இதுல எத்தனை டோன் இருக்கு?" என்று கீபோர்டுக்குக் கேட்பது போலவே கேட்பவர்களும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் ஒரு டோன்கூடக் கிடையாது. பாட்டு, தாளம், பீப் சத்தம் எதுவுமே இல்லை.

அப்படியென்றால் அது என்னதான் செய்கிறது? அது புரிந்துவிட்டால் இணைப்பது பத்து நிமிஷ வேலை. புரியாமல் யாரோ சொன்ன மாதிரி பட்டனை அமுக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறை சத்தம் நின்றுபோகும்போதும் யாருக்காவது போன் செய்ய வேண்டியிருக்கும். உதாரணத்துக்கு நோவேஷன் நிறுவனத்தின் லாஞ்ச்பேட் மினியையும், ஏபிள்டன் லைவ் என்ற சாஃப்ட்வேரையும் எடுத்துக்கொள்கிறேன். என் மேஜையிலும் அவன் மேஜையிலும் இருப்பது அவைதான். வேறு பெட்டி, வேறு சாஃப்ட்வேர் என்றாலும் அடிப்படை மாறாது.

வாசலில் ஸ்விட்ச், கூடத்தில் மணி

வீட்டு வாசலில் காலிங் பெல் ஸ்விட்ச் இருக்கிறது. அதை அமுக்கினால் மணி அடிக்கிறது. ஆனால் மணி இருப்பது கூடத்தில். ஸ்விட்ச் செய்வதெல்லாம் "யாரோ அமுக்கினார்கள்" என்ற செய்தியை உள்ளே அனுப்புவதுதான். கூடத்தில் இருப்பது 'டிங் டாங்' மணியா, குருவி கத்தும் மணியா, சாமி பாட்டு பாடும் மணியா என்று ஸ்விட்சுக்குத் தெரியாது. மணியைக் கழற்றி வைத்துவிட்டால் வாசலில் எத்தனை தரம் அமுக்கினாலும் ஒன்றும் கேட்காது. அதற்காக ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

பேட் பெட்டி அப்படிப்பட்ட ஸ்விட்சுகள் 64 சேர்ந்த ஒரு பலகை. தானாக ஒலி எழுப்பாமல், ஒலி எழுப்பும் வேறொன்றை இயக்க மட்டும் செய்தி அனுப்பும் கருவியைக் கன்ட்ரோலர் என்கிறார்கள். மணி இருக்கும் இடம் கம்ப்யூட்டர். அங்கே ஓடும் சாஃப்ட்வேருக்குள் டிரம்ஸ் இருக்கலாம், வீணை இருக்கலாம், நீங்களே போனில் பதிவு செய்த குக்கர் விசில்கூட இருக்கலாம். பேட் எதைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே நாம்தான் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

ஆக, பாதை இது: பேட் செய்தி அனுப்புகிறது. சாஃப்ட்வேர் அதை வாங்கி ஒலியாக்குகிறது. ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ அதை நம் காதில் போடுகிறது. இந்த மூன்றில் எது அறுந்தாலும் காதுக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் வரவில்லை.

அந்தச் செய்தியில் என்ன இருக்கிறது

மூன்று எண்கள். அவ்வளவுதான்.

ஒரு பேடைத் தட்டியதும் கேபிள் வழியாக 144, 60, 100 என்பது போல ஒரு வரிசை போகிறது. முதல் எண் "ஒரு சுரம் தொடங்கட்டும்" என்ற கட்டளை. இரண்டாவது, எந்தச் சுரம் என்பது. மூன்றாவது, எவ்வளவு பலமாகத் தட்டினீர்கள் என்பது. இந்த மூன்றாவதற்கு வெலாசிட்டி என்று பெயர். விரல் எவ்வளவு வேகமாக வந்து இறங்கியது என்பதை வைத்துப் பலத்தைக் கணக்கிடுவதால் அந்தப் பெயர். இரண்டாவதும் மூன்றாவதும் 0 முதல் 127 வரை இருக்கலாம்.

விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி போகும்: "சுரம் முடியட்டும்." பல பெட்டிகள், லாஞ்ச்பேடும் சேர்த்துத்தான், அதே தொடக்கக் கட்டளையை வெலாசிட்டி 0 என்று போட்டு அனுப்பிவிடும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. நடுவில் கேபிளைப் பிடுங்கிவிட்டால் இந்த முடிவுச் செய்தி போய்ச் சேராது. சுரம் முடிந்தது என்று தெரியாமல் சாஃப்ட்வேர் 'ங்ங்ங்' என்று இழுத்துக்கொண்டே இருக்கும். பேய் இல்லை, முடிவுச் செய்தி வரவில்லை. அவ்வளவே.

இந்த எண் மொழிக்குத்தான் மிடி என்று பெயர். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், அமெரிக்க நிறுவனமான சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் கீபோர்டு ஒன்றையும் ஜப்பானிய நிறுவனமான ரோலண்டின் கீபோர்டு ஒன்றையும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடியது. அதற்கு முன்னால் ஒரு கம்பெனிக் கருவியின் பேச்சு இன்னொரு கம்பெனிக் கருவிக்குப் பெரும்பாலும் புரியாது. போட்டிக் கம்பெனிகளை ஒரே மொழிக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷிக்கும் உண்டு. அதற்காக 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கொடுத்தார்கள். அன்று வகுத்த மூன்று எண்களைத்தான் இன்று யூஎஸ்பி வழியாக உங்கள் பேடும் அனுப்புகிறது. நாற்பது வருஷம் கழித்தும் மாறாத கம்ப்யூட்டர் விஷயம் வேறு எத்தனை இருக்கிறது?

சுரம் எழுதிய நோட்டு

மிடியைப் பற்றி இன்னொரு தவறான பேச்சு, "மிடி சவுண்டு மட்டமா இருக்கும்" என்பது. பழைய போன்களில் வந்த பாலிஃபோனிக் ரிங்டோன்களைக் கேட்டு வந்த அபிப்பிராயம் இது. அந்த ரிங்டோன்கள் மிடி ஃபைல்தான். ஆனால் ஒரே ஃபைல் ஒரு போனில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? காரணம், ஃபைலுக்குள் ஒலியே இல்லை. ஒலி போனுக்குள் இருந்த சின்ன சிப்பிலிருந்து வந்தது.

பாட்டு டீச்சர் நோட்டில் ச ரி க ம எழுதித் தருகிறார். நோட்டைக் காதில் வைத்தால் எதுவும் கேட்காது. அதையே ஒருவர் புல்லாங்குழலில் வாசிக்கலாம், இன்னொருவர் நாதஸ்வரத்தில் வாசிக்கலாம். அபஸ்வரமாக வந்தால் நோட்டின் மேல் பழி போடுவோமா? மிடி அந்த நோட்டு.

இதனால் ஒரு பெரிய லாபம் உண்டு. பேடில் தட்டிப் பதிவு செய்த பிறகு, "இது தவில் சாம்பிளாக இருந்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றினால் கருவியை மட்டும் மாற்றலாம். திரும்பத் தட்ட வேண்டாம். சாம்பிள் என்றால் முன்பே பதிவு செய்து வைத்த ஒலித் துண்டு. அளவைப் பாருங்கள்: நாலு நிமிஷப் பாட்டை சிடி தரத்தில் ஒலியாகச் சேமித்தால் 42 எம்பி வரும். அதே நாலு நிமிஷம் நீங்கள் தட்டிய தட்டுகளை மிடியாகச் சேமித்தால் சில கிலோபைட்தான்.

இதுவரை பார்த்தது: பேட் ஒரு ஸ்விட்ச் பலகை. அது பேசும் மொழி மிடி. அந்த மொழியில் எந்தச் சுரம், எவ்வளவு பலம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது

பேட் பெட்டிகளில் இரண்டு குடும்பங்கள். வாங்கும் முன் இது தெரியாததால் பணத்தை வீணாக்கியவர்கள் நிறைய.

மூத்த குடும்பம் நாலுக்கு நாலு, 16 ரப்பர் பேட். ரோஜர் லின் வடிவமைத்து ஜப்பானின் அகாய் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த எம்பிசி60 இதற்கு முன்மாதிரி. விரலால் டிரம்ஸ் வாசிப்பதற்கென்றே செய்தது. மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி.

இளைய குடும்பம் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். 2006-இல் மோனோம் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம், எந்த வேலையும் முன்கூட்டியே ஒதுக்கப்படாத 64 பொத்தான்களை ஒரு பெட்டியில் அடுக்கி விற்றது. பொத்தான் என்ன செய்யும் என்பதை கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். 2009-இல் இங்கிலாந்தின் நோவேஷன், பெர்லினின் ஏபிள்டனோடு சேர்ந்து லாஞ்ச்பேடைக் கொண்டுவந்தது. அது டிரம்ஸ் தட்டுவதற்காகப் பிறந்தது இல்லை. லைவ் சாஃப்ட்வேரின் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும் பாட்டுத் துண்டுகளை, மவுஸைத் தொடாமல் விரலால் கிளப்பிவிடப் பிறந்தது. பெயரிலேயே அது இருக்கிறது.

அதனால்தான் முதல் லாஞ்ச்பேடிலும் இன்றைய லாஞ்ச்பேட் மினியிலும் வெலாசிட்டி உணர்வு கிடையாது. வருடினாலும் குத்தினாலும் ஒரே பலம்தான் போகும். துண்டைக் கிளப்ப அது போதும். மிருதங்கக் கைக்குப் போதாது. லாஞ்ச்பேட் எக்ஸ், லாஞ்ச்பேட் புரோ போன்றவற்றில் பலம் உணரும் பேட் உண்டு. மருமகன் விலையைப் பார்த்து மினி வாங்கிவிட்டான். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

லிஃப்ட் பொத்தானின் விளக்கு

இப்போது அவனைக் குழப்பிய விஷயத்துக்கு வருவோம். விளக்கு எரிகிறதே, அப்புறம் ஏன் சத்தம் இல்லை?

அடுக்குமாடியில் லிஃப்டுக்காகப் பொத்தானை அமுக்குகிறீர்கள். விளக்கு எரிகிறது. அதை எரிய வைப்பது உங்கள் விரலா? பெரும்பாலான லிஃப்டுகளில் இல்லை. செய்தி லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டிக்குப் போகிறது. "சரி, கேட்டுக்கொண்டேன்" என்று அந்தப் பெட்டி திரும்ப அனுப்பும் பதில்தான் விளக்கு. லிஃப்ட் உங்கள் மாடிக்கு வந்ததும் அணைகிறது. பொத்தானுக்கு லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தவன் சொல்கிறான், இது காட்டுகிறது.

கட்டப் பேடும் அப்படித்தான். லைவோடு பேசும்போது 64 விளக்குகளையும் ஏற்றி அணைப்பது லைவ். ஒரு கட்டத்தில் துண்டு இருந்தால் அந்தத் துண்டின் நிறம். அது ஓடிக்கொண்டிருந்தால் பச்சை. பதிவாகிக்கொண்டிருந்தால் சிவப்பு. காலியாக இருந்தால் இருட்டு.

இதில் ரசிக்க ஒரு விஷயம் உண்டு. கம்ப்யூட்டர் விளக்கேற்றுவதும் அதே மூன்று எண்களால்தான். லாஞ்ச்பேட் மினியின் மூன்றாம் தலைமுறைப் பெட்டியில் புரோகிராமர் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் கட்டங்களுக்கு வீட்டு எண் போல எண் கொடுத்திருக்கிறார்கள். கீழ் இடது மூலை 11. மேல் வலது மூலை 88. பத்தாம் இடம் வரிசை, ஒன்றாம் இடம் நிரல், அதாவது மேலிருந்து கீழே போகும் வரிசை. கீழிருந்து மூன்றாவது வரிசையில் ஐந்தாவது கட்டம் என்றால் 35. அதைத் தட்டினால் பேடிலிருந்து 144, 35, 127 புறப்படும். கம்ப்யூட்டர் பதிலுக்கு 144, 35, 5 என்று அனுப்பினால் அதே கட்டம் சிவப்பாகும். கடைசி எண்ணை 21 ஆக்கினால் பச்சை, 45 ஆக்கினால் நீலம், 0 ஆக்கினால் இருட்டு. போகும்போது பலமாக இருந்த மூன்றாவது எண், வரும்போது நிறமாகிவிடுகிறது.

யூடியூபில் மத்தாப்பு மாதிரி விளக்கு சிதறும் லாஞ்ச்பேட் வீடியோக்களின் ரகசியமும் இதுவே. ஒவ்வொரு தட்டுக்கும் எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று முன்னாலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஒலித் துண்டுகளும் முன்பே வெட்டி வைத்தவை. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்த வரிசையைப் பிசகாமல் தட்டப் பயிற்சி வேண்டும், எழுதி வைக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். ஆனால் பெட்டியை வாங்கியதும் அது தானாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. பெட்டியில் டிரம்ஸ், கீஸ் என்று எழுதிய பொத்தான்கள் இருக்கின்றன. அந்த மோடுகளில் பெட்டி தன் விளக்கைத் தானே ஏற்றிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று கவலைப்படாது. மருமகன் பார்த்த கலர் கலரான விளக்கு இந்த ரகம்.

சுருக்கமாக, போக்கும் வரத்தும் தனித்தனி. தட்டும் செய்தி போவது ஒரு பாதை, விளக்குச் செய்தி வருவது ஒரு பாதை. ஒன்று வேலை செய்வதை வைத்து மற்றது வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

இணைக்கும் வேலை

முதலில் கேபிள். பெட்டியோடு வந்த கேபிளையே போடுங்கள். போன் சார்ஜர் கேபிள்களில் சில கரண்டை மட்டும் கடத்தும், செய்தி கடத்தாது. அதைப் போட்டால் பெட்டிக்கு உயிர் வரும், கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒன்று வந்திருப்பதே தெரியாது. தனியாக டிரைவர் தேட வேண்டியதில்லை. டிரைவர் என்பது ஒரு கருவியோடு பேச கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தரும் சின்ன மென்பொருள். இந்த வகைப் பெட்டிகளுக்கு விண்டோஸிலும் மேக்கிலும் அது ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து லைவைத் திறந்து, செட்டிங்ஸில் லிங்க், டெம்போ, மிடி என்று இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். பழைய பதிப்புகளில் செட்டிங்ஸுக்குப் பெயர் பிரிஃபரன்சஸ். அங்கே மேலே ஒரு பட்டியல், கீழே ஒரு பட்டியல். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மேல் பட்டியலின் பெயர் கன்ட்ரோல் சர்ஃபேஸ். "எந்தப் பெட்டி வந்திருக்கிறது? அதனிடமிருந்து செய்தி எந்த வாசலில் வரும், விளக்குச் செய்தியை எந்த வாசலில் அனுப்ப வேண்டும்?" என்று லைவ் கேட்கிறது. வாசல் என்று நான் சொல்வதற்கு அங்கே பெயர் போர்ட். பெரும்பாலும் லைவ் தானே கண்டுபிடித்து நிரப்பிவிடும். நிரப்பவில்லை என்றால் பெட்டியின் பெயரையும், இன்புட், அவுட்புட் இரண்டையும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்புட்டை மட்டும் போட்டு அவுட்புட்டை மறந்துவிட்டால் லிஃப்ட் பொத்தான் கதைதான்: போக்கு உண்டு, வரத்து இல்லை. விளக்குகள் ஒத்துழைக்காது.

இப்போது கவனியுங்கள், லாஞ்ச்பேட் மினி ஒரே கேபிளில் வந்தாலும் இரண்டு வாசலாகத் தெரியும். ஒன்றின் பெயரில் டிஏடபிள்யூ என்று இருக்கும். இசையைப் பதிவு செய்து, அடுக்கி, கலந்து முடிக்கும் லைவ் போன்ற சாஃப்ட்வேருக்குத்தான் அப்படிப் பெயர். இந்த வாசல் துண்டுகளைக் கிளப்பவும் விளக்குக்கும். இன்னொன்றின் பெயரில் மிடி என்று இருக்கும். டிரம்ஸ், கீஸ் மோடுகளில் நீங்கள் தட்டும் சுரங்கள் போகும் வாசல் அதுதான். விண்டோஸில் இந்தப் பெயர்கள் கொஞ்சம் கோணல் மாணலாக வரும். இரண்டாவது வாசலின் பெயருக்கு முன்னால் மிடிஇன்2, மிடிஅவுட்2 என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம்.

கீழ்ப் பட்டியலில் அந்த வாசல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே டிராக், சிங்க், ரிமோட் என்று சின்னச் சின்ன ஸ்விட்சுகள். டிராக் போட்டால் அந்த வாசலில் வரும் சுரங்கள் வாத்தியங்களுக்குப் போகலாம் என்று அனுமதி. ரிமோட் போட்டால் அவை திரையில் உள்ள குமிழ்களையும் பொத்தான்களையும் இயக்கலாம் என்று அனுமதி. சிங்க் தாள வேகத்தை இரண்டு கருவிகளுக்கு இடையே ஒத்துப்போக வைப்பது. இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

மிடி வாசலின் இன்புட் வரியில் டிராக் ஸ்விட்சைப் போடுங்கள்.

முதல் 'டும்'

லைவில் மிடி டிராக் ஒன்றை, அதாவது ஒரு வாத்தியத்துக்கான தடத்தை, எடுத்து அதில் ஒரு டிரம் ராக்கை இழுத்துப் போடுங்கள். டிரம் ராக் என்பது சுர எண்ணுக்கு ஒரு ஒலி வீதம் அடுக்கி வைத்த அலமாரி. 36-ஆம் தட்டில் கிக், அதாவது காலால் மிதிக்கும் பெரிய டிரம், 38-இல் ஸ்னேர் என்ற சின்ன டிரம், 42-இல் மூடிய ஹை-ஹாட், அதாவது ஜால்ரா போன்ற ஜோடி, என்று இருப்பது வழக்கம். 1991-இல் ஜெனரல் மிடி என்று போட்ட பொது ஒப்பந்தத்தில் டிரம்ஸுக்குக் கொடுத்த எண்கள் இவை. எல்லா டிரம்ஸ் தொகுப்பும் இதன்படி நடப்பதில்லை, ஆனால் 36 பெரும்பாலும் கிக்தான்.

டிராக்கின் அடியில் ஆர்ம் பொத்தானைப் போடுங்கள். "இந்த வாத்தியம்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறது" என்று பொருள். பெட்டியில் டிரம்ஸ் மோடை அமுக்கிவிட்டு, கீழ் இடது மூலைக் கட்டத்தைத் தட்டுங்கள். லைவின் மேல் வலது மூலையில் ஒரு குட்டிச் சதுரம் மினுக்கும். செய்தி வந்துவிட்டது. டிராக்கின் ஒலி அளவுக் கோடு துள்ளும். ஒலி உண்டாகிவிட்டது. அப்புறம் காதில் 'டும்'.

சதுரம் மினுக்கி, கோடு துள்ளி, காதில் மட்டும் ஒன்றும் விழவில்லையா? பேடைத் திட்டாதீர்கள். ஆடியோ செட்டிங்ஸில் எந்த ஸ்பீக்கர் என்று பாருங்கள்.

ஒரு சின்னத் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். 60 என்ற சுரத்தை லைவ் சி3 என்று எழுதும். வேறு பல சாஃப்ட்வேர்கள் அதையே சி4 என்று எழுதும். இணையத்தில் யாரோ "சி2-இல் கிக்கை வை" என்று சொல்லி, நீங்கள் வைத்து, ஒன்றும் கேட்காமல் போனால் தவறு உங்களுடையது இல்லை. பெயரை விடுங்கள், எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். 36 எல்லா ஊரிலும் 36.

துண்டும் எடுப்பும்

பெட்டியில் செஷன் பொத்தானை அமுக்கினால் 64 கட்டமும் லைவின் செஷன் திரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நிரலும் ஒரு வாத்தியம். அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு துண்டு. துண்டுக்கு அங்கே பெயர் கிளிப். ஒரு நிரலில் ஒரு நேரத்தில் ஒரு கிளிப்தான் ஓடும். இன்னொன்றைத் தட்டினால் பழையது ஒதுங்கும்.

தட்டியவுடன் கிளிப் கிளம்பாது. கட்டம் மினுக்கிக்கொண்டே கொஞ்சம் காத்திருக்கும். "பேட் லேட்டா ரெஸ்பாண்ட் பண்ணுது" என்று புகார் வருவது இதனால். அது தாமதம் இல்லை, மரியாதை. தனி ஆவர்த்தனத்தை முடிக்கும் மிருதங்கக்காரர் நினைத்த இடத்தில் பாட்டுக்குள் விழுவதில்லை. கோர்வையை வாசித்து, எடுப்பில் வந்து சேர்கிறார். லைவும் அடுத்த தாள வட்டத்தின் தொடக்கம் வரை காத்திருந்து கிளிப்பை விடுகிறது. இதற்கு லாஞ்ச் குவான்டைசேஷன் என்று பெயர். மேலே ஒரு பெட்டியில் ஒரு பார் என்று போட்டிருக்கும். பார் என்றால் ஒரு தாள வட்டம், பெரும்பாலும் நாலு அடி. அதை இல்லை என்று மாற்றினால் தட்டிய கணமே கிளம்பும். தாளம் தப்பினால் பொறுப்பு உங்களுடையது.

தட்டுவதற்கும் கேட்பதற்கும் நடுவே

உண்மையான தாமதம் வேறு. டிரம்ஸ் மோடில் தட்டும்போது ஒலி ஒரு நூல் பின்தங்கி வருகிறதே, அது. அதற்கு லேட்டன்சி என்று பெயர். காரணம் பேடும் இல்லை, மிடியும் இல்லை. மூன்று எண்கள் போய்ச் சேர ஒரு மில்லிசெகண்டு போதும்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வீட்டுத் தொட்டியை நிரப்புகிறீர்கள். குடம் நிறைந்த பிறகுதான் தூக்க முடியும். பெரிய குடம் என்றால் முதல் தண்ணீர் வீட்டுக்கு வர நேரமாகும், ஆனால் நடை குறைவு. சின்னச் செம்பு என்றால் உடனே வரும், ஆனால் ஓடி ஓடி மூச்சு வாங்கும். கம்ப்யூட்டர் ஒலியை இப்படிக் குடம் குடமாகத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அந்தக் குடத்துக்குப் பெயர் பஃபர். ஒரு செகண்டு ஒலியை 44,100 துளியாகப் பிரித்திருக்கிறார்கள் என்றால், 1024 துளி பிடிக்கும் பஃபர் நிறைய 23 மில்லிசெகண்டு ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் எட்டு மீட்டர் போய்விடும். எட்டு மீட்டர் தள்ளி யாரோ வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் தாளம் போடுவது போல. 256 என்று வைத்தால் 6 மில்லிசெகண்டு, இரண்டு மீட்டர். மற்றச் சில்லறைத் தாமதங்கள் இதற்கு மேல் சேரும்.

விண்டோஸில் லைவின் ஆடியோ செட்டிங்ஸில் டிரைவர் வகை எம்எம்இ என்று இருந்தால் அதை ஏசியோவுக்கு மாற்றுங்கள். ஏசியோ என்பது இசை வேலைக்கென்று வந்த, சுற்றிவளைக்காத பாதை. வெளி ஆடியோ பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அதனுடனேயே கிடைக்கும். இல்லாதவர்களுக்கு ஏசியோ4ஆல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிறகு பஃபரை 256-க்கு இறக்கிப் பாருங்கள். பொரி வறுப்பது போல ஒலி வெடித்தால் செம்பு சின்னதாகிவிட்டது, ஒரு படி ஏற்றுங்கள். மேக்கில் இந்த ஏசியோ பஞ்சாயத்து கிடையாது.

அப்புறம், தயவுசெய்து ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதில் 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது சாதாரணம். மேலே செய்த எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

லைவ் இல்லையென்றால்

எஃப்எல் ஸ்டுடியோவும் லாஜிக் புரோவும் லாஞ்ச்பேடை அடையாளம் கண்டுகொள்ளும். லாஜிக்கில் 2020-இல் வந்த லைவ் லூப்ஸ் என்ற திரை கிட்டத்தட்ட இதே கட்ட யோசனைதான். ரீப்பர் போன்ற வேறு சாஃப்ட்வேரில், செட்டிங்ஸில் மிடி வாசலைத் திறந்துவிட்டால் சுரங்கள் போய்விடும், தட்டிப் பதிவு செய்யலாம். விளக்குகள் மட்டும் தாமாக ஒத்துப்போகாது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று திருப்பி அனுப்ப அங்கே ஆள் இல்லை. விளக்குக்காகவே இந்தப் பெட்டியை ஆசைப்பட்டவர்கள், தாங்கள் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் அதற்குப் பதில் பேசுமா என்று வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

அன்று ராத்திரி

சரி, மருமகன் கதை. போனிலேயே கேட்டுக்கொண்டு வந்தேன்.

"டிரம்ஸ் மோட்ல தட்டு. திரையில மேல, வலது மூலையில ஏதாவது மினுக்குதா?"

"இல்ல மாமா."

அப்படியென்றால் ஸ்பீக்கர் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. செய்தி வாசலிலேயே நிற்கிறது. செஷன் மோடை அமுக்கச் சொல்லி, மவுஸால் ஒரு கட்டத்தில் காலி கிளிப் ஒன்றை உண்டாக்கச் சொன்னேன். பேடில் அதே இடத்தில் விளக்கு வந்தது. ஆக கேபிள் சரி, டிஏடபிள்யூ வாசல் சரி. மிச்சம் ஒன்றுதான். "செட்டிங்ஸ்ல கீழ் பட்டியல். மிடின்னு பேர் இருக்கிற இன்புட். எதிர்ல டிராக் ஆன்ல இருக்கா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் போனில் 'டும்'. உடனே 'டும் டும் டும்'.

பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி போன். கிக், ஸ்னேர், ஹை-ஹாட் வைத்து நாலு பார் பதிவு செய்திருந்தான். தாளம் பிசகவில்லை, ஆனால் அவனுக்கே பிடிக்கவில்லை. "ஏதோ தையல் மிஷின் ஓடுற மாதிரி இருக்கு மாமா."

கிளிப்பைத் திறந்து அடியில் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குச்சி நிற்கும், குச்சியின் உயரம் வெலாசிட்டி. எல்லாக் குச்சியும் ஒரே உயரம், 127. மினி அனுப்பத் தெரிந்தது அவ்வளவுதான். கையால் தட்டும்போது கொடுக்க முடியாததை மவுஸால் கொடுக்கலாம். இரண்டாவது ஹை-ஹாட்டை 70-க்கு இறக்கினான். நாலாவதை 55-க்கு. மிருதங்கக் கை அல்லவா, அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்னேருக்கு முன்னால் 30-இல் ஒரு சின்னத் தட்டை அவனாகவே சேர்த்தான்.

போனை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைத்துப் போட்டுக் காட்டினான். மணி பன்னிரண்டே கால். மூன்றாவது சுற்றில் அந்தத் தாளத்தில் இல்லாத ஒரு தட்டு கேட்டது. அக்கா, அவன் அறைக் கதவில். அது நிச்சயம் 127.